பெட்டிக்குள் ஏழு ஓம்

அந்தப் பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆய்வகத்தில் ஆறு அம்மீட்டர்கள் இருந்தன. ஒன்றாம் நம்பர் சோம்பேறி. அதன் முள் சுழியத்திலிருந்து கிளம்பிச் சேரவேண்டிய இடம் சேர்வதற்குள் தொட்டில் குழந்தை எழுந்து நடந்துவிடும். மூன்றாம் நம்பர் அவசரக்குடுக்கை. கம்பியைத் தூரத்தில் காட்டினாலே துள்ளும். ஐந்தாம் நம்பருக்கு மழைக்காலத்தில் மூட்டுவலி. ஆறும் ஆறு திசையில் இழுக்கும் இந்தக் குடும்பத்தைக் கட்டி மேய்த்தவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மீட்டரம்மா.

வேலை என்னவோ அட்டெண்டர் வேலைதான். காலையில் மேசைகளைத் துடைக்க வேண்டும். மின்கலங்களில் தண்ணீர் வற்றியிருந்தால் ஊற்ற வேண்டும். கம்பிகளின் நுனியை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று வைக்க வேண்டும். பாடம் நடக்கும்போது மரத்தடுப்புக்குப் பின்னால் ஸ்டோர் ரூமில், கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வர வசதியாக, முக்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். வினை அந்த முக்காலியில்தான் ஆரம்பித்தது. பத்தாவது தேறியதும் ‘போதும்’ என்று வீட்டில் நிறுத்தி வைக்கப்பட்டவள் அவள். தடுப்புக்கு அந்தப்பக்கம் வருஷாவருஷம் அதே மின்னியல் பாடம். முதல் வருஷம் காதில் விழுந்தது. இரண்டாம் வருஷம் புரிந்தது. ஐந்தாம் வருஷம் வாத்தியார் தப்பாகச் சொல்லும் இடத்திலெல்லாம் தடுப்புக்குப் பின்னால் இருமல் கேட்டது.

வாத்தியாருக்கும் பட்டப்பெயர் உண்டு: ரப்பர் சார். யார் நோட்டைத் திறந்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் விழும் சொல் “அழி.” இரண்டாவது சொல் “அழிச்சு எழுது.” மூன்றாவது சொல்லைக் கேட்டவர்கள் யாரும் இல்லை.

அந்த ஆய்வகத்தில் ஒரு காயில் பெட்டி இருந்தது. கையடக்கமான மரப்பெட்டி. மேலே இரண்டு பித்தளைத் திருகு, உள்ளே பட்டுநூல் சுற்றிய கம்பிச் சுருள், மூடி நாலு ஆணியில். ஓம் விதிச் சோதனைக்கு அதுதான். சுருளின் இரு முனைக்கும் இடையே உள்ள மின்னழுத்தத்தை வோல்ட்மீட்டரில் பார். அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தை அம்மீட்டரில் பார். முன்னதைப் பின்னதால் வகு. வருவது மின்தடை, அதற்கு அலகு ஓம். ஓட்டத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் விடை மட்டும் அசையாது. விதி இவ்வளவுதான், குழந்தைக்கும் புரியும்.

எந்தப் புண்ணியவான் எந்தக் காலத்தில் அளந்தானோ, ஐந்து புள்ளி இரண்டு ஓம் என்று விடைப் பட்டியலில் எழுதிவைத்துவிட்டுப் போனான். அதோடு அளக்கும் வேலை முடிந்தது. அண்ணன் நோட்டிலிருந்து தம்பிக்கு, தம்பி நோட்டிலிருந்து எதிர்வீட்டுப் பிள்ளைக்கு என்று ஐந்து புள்ளி இரண்டு பரம்பரைச் சொத்தாக இறங்கிக்கொண்டே வந்தது. அட்டவணையைப் பின்னாலிருந்து முன்னால் நிரப்புவார்கள். மின்னோட்டம் 0.1 என்றால் பெருக்கி 0.52. அடுத்து 0.2க்கு 1.04. கடைசியாக 0.3க்கு 1.56 வரும், அதை மட்டும் 1.57 என்று எழுதுவார்கள். அளந்த மாதிரி இருக்க வேண்டுமே! நாற்பது பேருக்கும் மூளை வேலை செய்த ஒரே இடம் அந்தக் கடைசி ஏழுதான்.

அந்தச் சுருளை எரித்தவள் மீட்டரம்மா.

அப்போது அவள் பிள்ளைத்தாய்ச்சி. பிள்ளைத்தாய்ச்சிகளில் சிலருக்கு மண் தின்ன ஆசை வரும், சிலருக்குச் சாம்பல். இவளுக்குச் சுவரில் இருந்த பிளக்கின் மேல் ஆசை வந்தது. மின்கலத்தின் நாலு வோல்ட்டுக்கு முள் இம்மியளவு நகர்கிறது. சுவருக்குள் இருநூற்று முப்பது வோல்ட் சும்மா உட்கார்ந்திருக்கிறதே, அதைக் கொடுத்தால்? விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். இருநூற்று முப்பதை ஐந்து புள்ளி இரண்டால் வகுத்தால் நாற்பத்து நாலு ஆம்பியர். போர்டில் இருக்கும் ஃபியூஸ் ஐந்து ஆம்பியருக்கு. எது முதலில் போகும்? யாரும் இல்லாத மத்தியானம். பெட்டியின் இரண்டு முனையையும் பிளக்கோடு சேர்த்து, எட்ட நின்று, துடைப்பக்கட்டையின் நுனியால் சுவிட்சைத் தட்டினாள்.

இரண்டும் ஒன்றாகவே போயின. மூடி இடுக்கில் ஒரு நீல வெளிச்சம், பிறகு புகை. தலைமையாசிரியர் அறையில் மின்விசிறி நின்றது. அதன் கீழே தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து, தான் ஓய்வு பெற்றுவிட்டதாக நினைத்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவ்வளவு தூரம் நான் நம்பவில்லை. பாதி வழியில் திரும்பியிருப்பார்.

ஃபியூஸ் கம்பியை மாட்டிவிட்டாள். சுருளை என்ன செய்வது? மறுநாள் ஆய்வு அதிகாரி வருகிறார். பள்ளிக்கூடத்துப் பொருளை எரித்தவள் என்று தெரிந்தால் வேலை போகும். புருஷன் இஸ்திரிக்காரர், வீட்டு முன்னறைதான் கடை. அவருடைய பழைய மின் இஸ்திரிப்பெட்டி ஒன்று உள்கம்பி ஓரிடத்தில் அறுந்து பரணில் கிடந்தது. அதைப் பிரித்தாள். மைக்காத் தகட்டின் மேல் சுற்றிய பட்டைக் கம்பி, அறுந்த இடம் போக ஏழெட்டு முழம் தேறும். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வைத்து ஒரு முழம் வெட்டினாள். சுற்றுக்குச் சுற்று காகிதம் வைத்துச் சுற்றி, முனைகளைத் திருகின் அடியில் நெரித்து, மூடியை ஆணியடித்தாள். அளந்து பார்க்க வழியில்லை. மின்கலங்கள் சார்ஜ் ஏற்றப் போயிருந்தன.

அதிகாரி வந்தார். பெட்டிகளை எண்ணினார். எண்ணிக்கை சரி. போய்விட்டார்.

மின்கலங்கள் திரும்பிய பிறகு அளந்தாள். ஏழு. அம்மீட்டரை மாற்றி அளந்தாள். ஏழு. அவளுடைய முழத்துக்கு ஏழு ஓம் என்று இயற்கை தீர்மானித்திருந்தது. கொஞ்சம் வெட்டினால் சரியாகிவிடும் என்று கத்தரியை எடுத்த அன்றைக்குத்தான் அந்த வருஷத்துப் பிள்ளைகளின் நோட்டுகள் அடுக்க வந்தன. அவர்கள் ஏழு ஓம் பெட்டியில் சோதனை செய்தவர்கள். ஒன்றைப் பிரித்தாள்: ஐந்து புள்ளி இரண்டு. இன்னொன்று: ஐந்து புள்ளி இரண்டு. நாற்பதும்.

முக்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். கத்தரியை இழுப்பறையில் போட்டாள். போட்டவள் பதினேழு வருஷம் எடுக்கவில்லை.

எடுக்காததற்குக் காரணம் முதலில் பயம்தான், பெட்டியைத் திறக்கும்போது யாராவது பார்த்துவிட்டால் என்று. பிறகு பயம் போய் அது ஒரு கெட்ட பழக்கமாகிவிட்டது. சிலர் மூக்குப்பொடி போடுவார்கள். இவள் நோட்டுப் புரட்டுவாள். வருஷம் ஒருமுறை, ஒரே ஒரு ஏழு கண்ணில் படுகிறதா என்று. பதினேழு வருஷத்தில் அறுநூற்றுச் சொச்சம் பிள்ளைகள். டாக்டர்கள் ஆனவர்கள் உண்டு, பாலம் கட்டுகிறவர்கள் உண்டு. ஏழு எழுதியவர் ஒருவர் இல்லை. படிக்கக் கொடுத்துவைத்தவர்களின் லட்சணம் இதுதானா என்று அவளுக்குள் ஒரு கசந்த சந்தோஷம். அதை யாரிடமும் சொல்லவில்லை, புருஷனிடம்கூட. சந்தோஷத்தில் பங்கு கேட்க ஆளில்லாதபோது அது புளித்துப்போகும் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

சுருளை மாற்றிய வருஷம் பிறந்த மகளுக்கும் அந்தப் பெட்டிச் சுருளுக்கும் ஒரே வயது.

மகள் ஒரு தினுசு. அப்பா இஸ்திரிப்பெட்டியைப் போட்டால் வீட்டில் குண்டு பல்பு ஒரு கணம் மங்கும். பக்கத்து வீட்டம்மா, “உங்க வீட்டுப் பெட்டி எங்க வீட்டு வெளிச்சத்தையும் சேத்து உறிஞ்சுது” என்று சண்டைக்கு வருவார். எட்டு வயதில் இது போய் அவருக்கு விளக்கம் சொல்லிற்று. “உறிஞ்சலை பெரியம்மா. தெருக் கம்பி ஒல்லி. ரொம்பக் கரண்ட் ஓடினா வழியிலேயே கொஞ்சம் வோல்ட் செலவாயிடுது. நம்ம ரெண்டு வீட்டுக்கும் மிச்சம்தான் வருது.” பெரியம்மா வாயடைத்துப் போய்ப் பதினைந்து நாள் பேசவில்லை. அந்தத் தெருவே நிம்மதியாக இருந்தது.

பன்னிரண்டு வயதிலிருந்து அப்பாவின் பெட்டிகளுக்கு மகள்தான் வைத்தியர். பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் பெட்டியைத் தொடும். உலோக உடம்புக்கு எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் மூடாது. பள்ளி முடிந்ததும் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் பிரிவில் சேர வேண்டும் என்பது அதன் முடிவு. அதன் முடிவு என்றா சொன்னேன்? மரத்தடுப்புக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தவளின் இருபது வருஷத்து ஆசையும் அதுதான். தான் துடைத்த மேசைக்கு அந்தப்பக்கம் தன் வயிற்றில் பிறந்தது உட்கார வேண்டும்.

கடைசி வருஷம் ஓம் விதிச் சோதனை வந்தது. மகள் அளந்தாள். 0.1க்கு 0.7. 0.2க்கு 1.4. 0.3க்கு 2.1. விடை ஏழு.

ரப்பர் சார் நோட்டைப் பார்த்தார். “அழி.”

“ஏன் சார்?”

வகுப்பே நிமிர்ந்தது. அந்தக் கேள்வி அந்த அறையில் அதற்கு முன் கேட்கப்பட்டதில்லை.

“வோல்ட்மீட்டரைத் தொடர்ல மாட்டியிருப்ப.”

“பக்க இணைப்புலதான் சார் இருக்கு. பாருங்க.”

அவர் பார்க்கவில்லை. “அம்மீட்டர் கெட்டிருக்கும். வேற எடுத்துப் பாரு.”

வேறு எடுத்தாள். ஏழு. இன்னொன்று எடுத்தாள், அந்தச் சோம்பேறி ஒன்றாம் நம்பரை. அது மெதுவாக, மிக மெதுவாக வந்து, ஏழுக்கே சாட்சி சொல்லிற்று.

“முப்பத்தொம்பது பேருக்கு அஞ்சு புள்ளி ரெண்டு. உனக்கு மட்டும் ஏழு. அப்ப கோளாறு பெட்டியிலயா, உன் கண்ணுலயா?” என்றார் சார். “கண்ணாடி போட்டுட்டு வாம்மா.”

சிரிப்பு கூரையைத் தொட்டது. ஸ்டோர் ரூமில் மீட்டரம்மா எழுந்தாள், தடுப்பின் விளிம்பைப் பிடித்தாள், மறுபடி உட்கார்ந்தாள். பதினேழு வருஷமாக அவள் தேடிய ஏழு வந்துவிட்டது. யாருடைய நோட்டில் வந்திருக்கிறது பாருங்கள்.

மூன்று மாதம் இது நடந்தது. ஒவ்வொரு செய்முறை வகுப்பிலும் மகள் வேறு கம்பி, வேறு மீட்டர், வேறு மின்கலம் வைத்துப் பார்ப்பாள், ஏழு வரும், சார் “அழி” என்பார். பிள்ளைகள் அவளுக்கு ‘ஏழரை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வராந்தாவில் எதிரே வந்தால், “ஏழரை வருது, ஒதுங்கு” என்பார்கள். மகள் அதற்கெல்லாம் கலங்கவில்லை. “ஏழரை இல்லடா, வெறும் ஏழு. அதைக்கூடச் சரியாச் சொல்லத் தெரியலையே உங்களுக்கு” என்று திருப்பிக் கொடுப்பாள்.

வீட்டில் அம்மாதான் கலங்கினாள். தேர்வில் இந்தச் சோதனை விழுந்து இவள் ஏழு எழுதினால், வெளியிலிருந்து வரும் தேர்வாளர் விடைப் பட்டியலைப் பார்ப்பார், சுழிப்பார். செய்முறை மதிப்பெண் போனால் மின்னியல் இடமும் போகும்.

“ஊரோட ஒத்துப்போயேன்டி. அஞ்சு புள்ளி ரெண்டுன்னு எழுதிட்டு வா. கை என்ன தேஞ்சா போயிடும்?”

“முள்ளு ஏழுன்னு காட்டுதும்மா. நான் எப்படி அஞ்சுன்னு எழுதுவேன்? எனக்குக் கண்ணு இருக்குல்ல?”

“சார் சொல்றாருல்ல?”

“சார் அந்தப் பெட்டியைத் தொட்டே பாக்கலை.” மகள் தட்டைத் தள்ளிவிட்டு நேராகப் பார்த்தாள். “நீ அங்கேயேதானே இருக்க. அந்தப் பெட்டிக்குள்ள என்னம்மா இருக்கு?”

“பெட்டிக்குள்ள என்ன இருக்கும்? கம்பி இருக்கும். ஆனையா இருக்கும்?”

இஸ்திரிக்காரர் முன்னறையிலிருந்து, “ஆனை இருந்தாலும் ஏழுக்கு ஏழுன்னுதான் பாப்பா சொல்லும்” என்று சிரித்தார். அவருக்கு என்ன தெரியும்.

அன்றைக்கே மகளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மகள் மறுநாளே சாரிடம் போய் நிற்பாள். அவளுக்கு வாயை மூடத் தெரியாது. வேலை போகும், பதினேழு வருஷத்துக்கும் சேர்த்து விசாரணை வரும். மீட்டரம்மா வேறு வழி கண்டுபிடித்தாள். புத்திசாலிகள் கண்டுபிடிக்கும் வழிகளைப் போல அதுவும் பார்க்க அழகாக இருந்தது. மகளை மாற்ற முடியாது, பெட்டியை மாற்றிவிட்டால்? உள்ளே இருப்பது உண்மையாகவே ஐந்து புள்ளி இரண்டு ஆகிவிட்டால், அவள் அளந்ததை அளந்தபடி எழுதுவாள், அதுவே பட்டியலிலும் இருக்கும். பொய்யும் இல்லை, நஷ்டமும் இல்லை.

தேர்வுக்கு முந்தின சனிக்கிழமை, அரைநாள் பள்ளி முடிந்து எல்லோரும் போன பிறகு, இழுப்பறையிலிருந்து கத்தரியை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். முழத்தில் கால்வாசி, அரைச் சாண் போக வேண்டும் என்று மனக்கணக்கு. ஒரேயடியாக வெட்டாமல் விரற்கடை விரற்கடையாக வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் மீட்டர் வைத்து அளந்தாள். ஆறு புள்ளி ஆறு. ஆறு. ஐந்தரை. ஐந்து புள்ளி இரண்டு வந்ததும் முனையை நெரித்து மூடினாள். துண்டுகளைக் குப்பையோடு கூட்டி வெளியே கொட்டினாள். அவ்வளவு துல்லியமாக அந்த ஆய்வகத்தில் யாரும் அளந்ததில்லை.

தேர்வன்று சீட்டு எடுத்தார்கள். பத்துச் சோதனையில் மகள் கைக்கு வந்தது ஓம் விதி.

ஸ்டோர் ரூம் இடுக்கு வழியாக மீட்டரம்மா பார்த்தாள். மகள் சுற்றை இணைத்தாள். மின்கலம், சுற்றைத் திறந்து மூடும் சாவி, ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட், அம்மீட்டர், பெட்டி எல்லாம் வரிசையாக. பெட்டியின் இரண்டு திருகுக்கும் குறுக்கே வோல்ட்மீட்டர், பக்க இணைப்பில். பார்க்கக் கோலம்போல் இருந்தது. சாவியைப் போட்டாள். முள்ளைப் பார்த்தாள். குறித்தாள். நிறுத்தினாள். எல்லாவற்றையும் கழற்றினாள். மறுபடி இணைத்தாள். மறுபடி பார்த்தாள். மறுபடி கழற்றினாள்.

“என்னம்மா, விடை வரலையா?” என்றார் வெளித் தேர்வாளர்.

“வருது சார்.”

“அப்புறம் என்ன?”

“வருது... அதான் சார்.”

நாலாம் முறைக்குப் பிறகு எழுதினாள். ஐந்து புள்ளி இரண்டு. அந்தப் பள்ளியின் சரித்திரத்திலேயே அந்த எண்ணை அளந்து எழுதிய முதல் பிள்ளை. பக்கத்து மேசையில் சாவியே போடாமல் எழுதியவனுக்கும் அவளுக்கும் ஒரே மதிப்பெண், முப்பதுக்கு முப்பது. ரப்பர் சார் அவள் தோளைத் தட்டி, “இப்பத்தான் கண்ணு தெரியுது” என்றார்.

வீட்டுக்கு வந்து மகள் சுவரோரமாக உட்கார்ந்தாள்.

“முழு மார்க் போட்டாராமே!” என்றாள் அம்மா.

“ம்.”

“அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி?”

“மூணு மாசமா நான் தப்பாவே பாத்திருக்கேன்மா. எத்தனை மீட்டரு, எத்தனை தடவை. அத்தனையும் தப்பு. எப்படின்னே தெரியலை. இன்னிக்கு மட்டும் எப்படியோ சரியா வந்துச்சு.” சற்று யோசித்தாள். “முப்பத்தொம்பது பேரும் சரி. சாரும் சரி. எனக்குத்தான் வரலை.”

வாயைத் திறக்க வேண்டிய நேரம் அது. மீட்டரம்மா, “அதான் மார்க் வந்துடுச்சே, விடுடி” என்றாள்.

பிறகு ஒருநாள் காலை, இஸ்திரிக்காரர் கூப்பிட்டார். “பாப்பா, பெட்டி சூடேற மாட்டேங்குது. வந்து பாரு.”

“கடையில குடுத்துடுப்பா.”

“கடையிலயா? நம்ம பெட்டியையா? ஏன், ஃபீஸ் ஏத்திட்டியா?”

“இல்லப்பா. நான் பாத்தா தப்பாப் பாப்பேன். கரண்ட் விஷயம். யாருக்காவது ஷாக் அடிச்சிடும்.”

அவர் சிரித்தார். மனைவியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவள் கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைக்காமல், ஒழுங்காகப் பிடிக்கவும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தாள்.

கல்லூரி விண்ணப்பம் வந்தது. இரண்டு கட்டம்: மின்னியல், அலுவலகப் பயிற்சி. ஒன்றில்தான் குறி போடலாம். கடைசித் தேதிக்கு ஒரு வாரம். விண்ணப்பம் நாலு நாளாக அலமாரியில் கிடந்தது. தான் சொன்னால் மகள் ஆறுதல் என்று நினைப்பாள், சார் சொன்னால் நம்புவாள் என்று மீட்டரம்மா கணக்குப் போட்டாள். வேலை போனால் போகட்டும் என்று துணிந்து, காயில் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ரப்பர் சாரிடம் போனாள். எரித்தது, ஒரு முழம், ஏழு ஓம், அரைச் சாண் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

சார் நடுவில் ஒரு தடவைகூட “அழி” என்று சொல்லவில்லை. கேட்டு முடித்து, எழுந்து கதவைச் சாத்தினார்.

“மீட்டரம்மா, பதினேழு வருஷமா அது ஏழா?”

“ஆமா சார்.”

“அப்ப பதினேழு வருஷமா நான் போட்ட மார்க்கெல்லாம்?”

அவள் பெட்டியை அவர் பக்கம் நீட்டினாள்.

“இதை நான் கேக்கலை. நீங்களும் சொல்லலை. புரியுதா?”

“சார், என்னை வேலையை விட்டு நிறுத்துங்க சார். பொண்ணுகிட்ட மட்டும் ஒரு வார்த்தை—”

“உங்களை ஏன் நிறுத்தணும்? நல்லாத்தானே வேலை பாக்கறீங்க?” பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். “போய் மேசையைத் தொடைங்க.”

எந்தப் பயத்துக்காகப் பதினேழு வருஷம் வாயை மூடியிருந்தாளோ, அந்தப் பயத்துக்கு உள்ளே கம்பியே இல்லை. அதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஆன நேரம் மூன்று நிமிஷம்.

அன்று சாயங்காலம் மகளை உட்காரவைத்துத் தானே சொன்னாள். மகள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“வெட்டின துண்டு எங்கம்மா?”

“குப்பையில கொட்டிட்டேன்.”

“பெட்டி?”

“சார் பூட்டி வச்சிட்டார்.”

மகள் எழுந்து உள்ளே போனாள். மறுநாள் பள்ளிக்குப் போனாள், சாரைப் பார்த்தாள், திரும்பி வந்தாள். அடுப்படி வாசலில் நின்றுகொண்டு பேசினாள்.

“சாரைக் கேட்டேன். அது எப்பவும் அஞ்சு புள்ளி ரெண்டுதான்னார். ‘உங்க அம்மாவுக்கு உன்மேல அவ்வளவு பாசம், பாவம்’னார்.”

“அவர் பொய் சொல்றாருடி!”

“இரும்மா. அவரை விடு. நானே யோசிச்சுப் பாத்தேன்.” அவள் குரலில் கோபம் இல்லை. கணக்குப் போட்டுக் காட்டும் குரல். “நீ சொல்றது நிசம்னு வச்சுப்போம். அப்ப, மூணு மாசம் மொத்தக் கிளாஸும் என்னைப் பாத்துச் சிரிச்சுது. ஏழரைன்னு கூப்பிட்டுச்சு. சார் கண்ணாடி போடச் சொன்னார். அதெல்லாம் நடக்கறப்ப, நான் சொல்றதுதான் சரின்னு தெரிஞ்சுக்கிட்டே, நீ அந்தத் தடுப்புக்குப் பின்னாடி உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன்னு ஆகும். எங்க அம்மா அப்படிச் செய்வாளா? செய்யமாட்டா. அதனால நீ சொல்றது நிசமில்லை. என்னைத் தேத்தறதுக்காகச் சொல்ற.” பக்கத்தில் வந்து அம்மாவின் முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சொல்லு. அப்படிச் செஞ்சிருப்பியா நீ?”

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மகளுக்குத் தன் கண் திரும்பக் கிடைத்துவிடும். அம்மா போய்விடுவாள்.

அடுப்பில் எதுவோ பொங்கி வழிந்தது. யாரும் அதை இறக்கவில்லை.

“இல்லடி,” என்றாள் மீட்டரம்மா. “செஞ்சிருக்கமாட்டேன்.”

“அதான்,” என்று சொல்லிவிட்டு மகள் போய் அலமாரியிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து, இரண்டாவது கட்டத்தில் குறி போட்டாள்.

இப்போது அவள் ஒரு பெரிய அலுவலகத்தில் தட்டச்சுப் பிரிவில் இருக்கிறாள். கொடுத்த தாளைக் கொடுத்தபடி, ஒரு புள்ளி மாறாமல் அடிப்பதில் அந்தக் கட்டடத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஒருமுறை மேலாளர் தாளில் பிப்ரவரி முப்பதாம் தேதி என்று இருந்ததாம். அப்படியே அடித்துக் கொடுத்தாளாம்.

“பாத்தியா இல்லையா?” என்று அம்மா கேட்டாள்.

“பாத்தேன்மா,” என்றாள் மகள். “நான் பாத்து என்ன ஆகப் போகுது?”